‘இந்திச் சொல்’ என்னும் வகைப்பாடு: மைசூருச் சமையற் சொற்களை முன்வைத்து ஒரு மறுநோக்கு

தமிழில் கலந்துள்ள பிறமொழிச் சொற்களைத் தொகுத்துரைக்கும் நூல்களிலும் கையேடுகளிலும் உணவுப் பெயர்கள் தவறாமல் இடம்பெறுகின்றன. சப்பாத்தி, பூரி, குருமா, கிச்சடி, கேசரி, ஜாங்கிரி, ரவா, மைதா, கடாய், தவா, டப்பா என நீளும் இப்பெயர்கள் பெரும்பாலும் ‘இந்திச் சொற்கள்’ என்ற ஒரே தலைப்பின்கீழ் அடுக்கப்படுகின்றன. எதிர்ப்பத்தியில் அவற்றுக்கு நிகரான தமிழ்ச்சொற்கள் தரப்பட்டிருக்கும். தேர்வு எழுதும் மாணவர்க்குப் பயன்படும் இவ்வடுக்கு, மொழி ஆய்வுக்கு எவ்வளவு பயன்படும் என்பது போதிய அளவு எண்ணிப் பார்க்கப்படவில்லை. பட்டியலில் உள்ள சில சொற்கள் அப்பொருளில் இந்தியில் வழங்குவதேயில்லை. வேறு சில, இந்தி என்னும் பெயரில் ஒரு பொதுமொழி உருப்பெறுவதற்கு முன்பே தென்னாட்டு அடுக்களைக்குள் நுழைந்துவிட்டவை. அவ்வாறாயின் ‘இந்திச் சொல்’ என்னும் பெயர் எதைக் குறிக்கிறது?

1937ஆம் ஆண்டு தொடங்கிய இந்தி எதிர்ப்புப் போராட்டமும் 1965ஆம் ஆண்டுப் போராட்டமும் தமிழ் மக்களின் மொழியுணர்வில் ஆழ்ந்த தடம் பதித்தவை. அவ்வுணர்வின் நேர்மை இங்கு விவாதத்திற்குரியதன்று. ஆனால், அரசியற்களத்தில் பொருள்பெற்ற ஒரு சொல்லைச் சொற்பிறப்பியற் களத்திற்கு அப்படியே கொண்டுவரும்போது, மராத்தி, தக்கினி உருது, பாரசீகம், அரபு, போர்ச்சுகீசியம், கன்னடம் ஆகிய அனைத்தும் ‘இந்தி’ என்னும் ஒற்றைப் பெயருக்குள் மறைந்துபோகின்றன. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி (1924–1936) இத்தவற்றைச் செய்யவில்லை என்பது நினைவுகூரத்தக்கது. அது உருது, இந்துஸ்தானி, மராத்தி, தெலுங்கு, கன்னடம் எனத் தனித்தனிச் சுருக்கக் குறிகளால் மூலத்தைச் சுட்டுகிறது. அகராதி பிரித்து வைத்ததைப் பிற்காலப் பட்டியல்கள் ஒன்றாகக் கொட்டிவிட்டன.

இலக்கண மரபும் இவ்வளவு தட்டையானதன்று. தொல்காப்பியம் செய்யுட்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பகுக்கிறது. வடசொல்லைப் பற்றிப் பேசுமிடத்தில், வடவெழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தோடு பொருந்தியதைச் சொல்லாக ஏற்கிறது. நன்னூல் திசைச்சொல்லின் எல்லையை விரித்துத் தமிழ் வழங்காத பிறமொழி நிலங்களையும் அதனுள் அடக்குகிறது. உரையாசிரியர்கள் எண்ணும் அந்நிலங்களுள் கருநடமும் ஒன்று. இம்மரபில் இருவேறு வினாக்கள் பொதிந்துள்ளன. எந்நிலத்து வழக்கிலிருந்து வந்தது என்பது ஒன்று. எவ்வொலி வடிவில் வந்து தங்கியது என்பது மற்றொன்று. ‘இந்திச் சொல்’ என்னும் வகைப்பாடு இவ்விரண்டையும் கேட்பதில்லை. கருநட நிலத்தைச் சேர்ந்த மைசூரு நகரின் சமையற் சொற்களை இவ்விரு வினாக்களோடும் பொருத்திப் பார்க்க இக்கட்டுரை முயல்கிறது.

மைசூரு ஏன்?

2014இல் மைசூர் என்னும் ஆட்சிப்பெயர் மைசூரு என மாற்றம் பெற்ற இந்நகரம், உணவு பற்றிய ஆய்வுக்கும் மொழி பற்றிய ஆய்வுக்கும் ஒருசேர இடமளித்தது. மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் 1950இலும் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969இலும் இங்கு அமைந்தன. செம்மொழித் தமிழுக்கான உயராய்வு மையம் 2008இல் சென்னைக்கு மாறுவதற்கு முன் இம்மொழி நிறுவனத்தில்தான் இயங்கியது. இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1966 முதல் மைசூருவில் தலைமையிடம் கொண்டது. தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் நெடுங்காலம் இங்கிருந்தமையும், அவற்றைத் தமிழ்நாட்டிற்கு மாற்றுமாறு 2021இல் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டமையும் அறிஞர் அறிந்தவை.

சமையல் நூல் மரபிலும் கருநட நிலம் வளமுடையது. ஏறத்தாழ 1025ஆம் ஆண்டளவில் சாவுண்டராயர் இயற்றிய ‘லோகோபகார’ சமையலுக்கு ஓர் இயல் ஒதுக்குகிறது. மைசூருப் பகுதியைச் சேர்ந்த மூன்றாம் மங்கரசர் 1508இல் ‘சூபசாஸ்திர’ என்னும் தனிச் சமையல் நூலையே செய்யுளில் ஆக்கினார். பல்வேறு ஆட்சிகளும் இந்நிலத்தில் மாறிமாறி வந்தன. 1638இல் பெங்களூர் பிஜாப்பூர் சுல்தானியர் வசமாகி மராட்டியரான ஷாஜியின் பொறுப்பில் வந்தது. அவர் மகன் வெங்கோஜி (ஏகோஜி) பின்னர்த் தஞ்சையில் மராட்டிய ஆட்சியை நிறுவினார். 1761 முதல் 1799 வரை ஐதர் அலியும் திப்பு சுல்தானும் சீரங்கப்பட்டணத்திலிருந்து ஆண்டபோது பாரசீகமும் தக்கினியும் ஆட்சிச் சூழலில் நிலைபெற்றன. ஆகவே வடபுலச் சொல் ஒன்று மைசூருவுக்கு வர தில்லியிலிருந்து புறப்படவேண்டிய தேவையில்லை. தக்காணத்திலேயே அது கிடைத்தது.

‘பாத்’ என்னும் சொல்லின் பயணம்

பிசிபேளேபாத், வாங்கிபாத், காராபாத், கேசரிபாத் ஆகிய நான்கும் மைசூரு, பெங்களூர் உணவகங்களின் அன்றாடப் பெயர்கள். இன்று தமிழ்நாட்டு உணவகப் பலகைகளிலும் இவற்றுட் சில இடம்பெறுகின்றன. ‘பாத்’ என்பது இந்திச் சொல் என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். சோற்றைக் குறிக்கும் இச்சொல் வடமொழி ‘பக்த’ என்பதன் திரிபு, இந்தியிலும் உண்டு, மராத்தியிலும் உண்டு. இரண்டில் எது மைசூருவுக்கு வழங்கியது என்பதே வினா. விடையை ‘வாங்கிபாத்’ தருகிறது. கத்தரிக்காய்க்கு இந்தியில் ‘பைங்கன்’ என்று பெயர், மராத்தியில்தான் ‘வாங்கி’. எனவே வாங்கிபாத் முழுமையும் மராத்தித் தொடர். அத்தொடரின் பின்னுறுப்பு மட்டும் இந்தியிலிருந்து வந்தது என்பது பொருந்தாது.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. மைசூருச் சந்தையில் கன்னடர் கத்தரிக்காயை ‘பதனெகாயி’ என்றே கேட்டு வாங்குவர். ‘வாங்கி’ என்பது இவ்வுணவின் பெயருக்குள் மட்டுமே வாழ்கிறது. அதாவது, காயின் பெயர் கடனாகப் பெறப்படவில்லை. பண்டத்தின் பெயர் கட்டோடு பெறப்பட்டது. சொற்கடனைத் தனிச்சொல்லாகவே எண்ணிப் பழகிய பட்டியல் முறைக்கு இது பிடிபடாது. (வழுதுணை என்னும் பழந்தமிழ்ச் சொல்லோடு வடமொழி, மராத்தி, இந்திக் கத்தரிக்காய்ப் பெயர்களை இணைத்துக் காணும் கருத்தும் அறிஞரிடையே உண்டு. அது உறுதிப்பட்டால், தென்னாட்டுச் சொல் ஒன்று வடக்கே சென்று உருமாறி மீண்டும் மைசூருவில் இலையில் விழுந்தது என்றாகும்.)

பிசிபேளேபாத் வேறு வகையான கலப்பு. ‘பிசி’ என்பது சூடு. வெயிலைக் குறிக்கும் கன்னடப் ‘பிசிலு’வோடும் தமிழ் ‘வெயில்’ என்பதோடும் உறவுடையது. ‘பேளே’ என்பது பருப்பு. ஈற்றிலுள்ள ‘பாத்’ மட்டுமே வடபுலச் சொல். இதே உணவுக்கு ‘பிசி பேளே ஹுளி அன்ன’ என்னும் பெயரும் கன்னடத்தில் வழங்குகிறது. இங்கு ‘ஹுளி’ என்பது தமிழ்ப் ‘புளி’யே, மொழிமுதற் பகரம் கன்னடத்தில் ஹகரமாகத் திரிந்த விதிப்படி அமைந்தது. பால் – ஹாலு, பல் – ஹல்லு போல்வன அவ்விதிக்குச் சான்று. புளியும் பருப்பும் சோறும் கலந்த ஓருணவுக்கு முழுக் கன்னட அமைப்பில் ஒரு பெயரும், வடபுல ஈறு பெற்ற ஒரு பெயரும் உடன் வழங்க, உணவகப் பலகை இரண்டாவதைத் தேர்ந்துகொண்டது. சுருக்கமும், ‘பாத்’ என்னும் பொது ஈற்றால் வரிசைப்படுத்தும் எளிமையும் இத்தேர்வுக்குத் துணைசெய்திருக்கலாம்.

காராபாத்தில் இச்சொல் தன் தாய்ப்பொருளையே இழக்கிறது. அதில் சோறு இல்லை, ரவை இருக்கிறது. தமிழ்நாட்டார் உப்புமா என்பதன் நெருங்கிய உறவான பண்டம் அது. கேசரிபாத்தும் ரவையாற் செய்யும் இனிப்பே. இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்துத் தருவதைச் ‘சௌசௌபாத்’ என்பர். அங்கு ‘பாத்’ என்பது எந்தத் தானியத்தையும் சுட்டவில்லை; உணவகச் சிற்றுண்டியின் ஒரு வகையைச் சுட்டுகிறது. தமிழ்நாட்டு உணவகங்களில் தயிர்ச்சோற்றுக்கு வழங்கும் ‘பகாளாபாத்’ சோற்றுப் பொருளை இன்னும் விடவில்லை என்பதோடு இதனை ஒப்பிடலாம். சோற்றைக் குறித்த சொல் சோறில்லாப் பண்டத்துக்குப் பெயராகும்போது அதனைக் கடன்சொல் என்று மட்டும் சொல்லி நிறுத்த இயலாது. இப்பொருள் மராத்தியும் தரவில்லை, இந்தியும் தரவில்லை. மைசூரு நாட்டு உணவகம் ஆக்கிய பொருள் இது.

இருமுறை வந்த சொற்கள்

மைசூருவின் பெயரை உலகறியச் செய்த இனிப்பு, நான்காம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் அரண்மனைச் சமையலர் காகாசுர மாதப்பாவால் செய்யப்பட்டது என்பது வழிவழிச் செய்தி. அவர் மரபினர் நடத்தும் கடை மைசூருச் சயாஜி ராவ் சாலையில் உள்ளது. இவ்வினிப்பின் பெயர் தமிழில் ‘மைசூர்ப்பாகு’ என்றும் ‘மைசூர்பாக்’ என்றும் இருவகையாக எழுதப்படுகிறது. கோயம்புத்தூரைச் சேர்ந்த இனிப்பு நிறுவனம் ஒன்று ‘மைசூர்பா’ என ஈற்றைக் குறைத்தே விற்கிறது.

இவ்வடிவ வேறுபாடு எழுத்துப்பிழை சார்ந்ததன்று. வடமொழிப் ‘பாக’ கன்னடத்தில் உயிரீறாக ‘பாக’ என நிற்கும். இந்தியில் ஈற்று அகரம் கெட்டு ‘பாக்’ ஆகும். தமிழிலோ வல்லெழுத்து மொழியிறுதியில் நில்லாது. ஆகவே குற்றியலுகரம் பெற்றுப் ‘பாகு’ ஆயிற்று. சர்க்கரைப் பாகு, வெல்லப் பாகு என்னும் வழக்குகள் தொன்மையானவை. ஆக, ‘மைசூர்ப்பாகு’ எனச் சொல்பவர் புதிய பண்டத்துக்குத் தம் மொழியில் முன்பே தங்கிவிட்ட சொல்லை இடுகிறார். ‘மைசூர்பாக்’ என எழுதுபவர் ஈறு கெட்ட வடிவத்தை, பெரும்பாலும் ஆங்கில எழுத்துக்கூட்டலின் வாயிலாக, புதிதாகப் பெறுகிறார். கன்னடத்திலும் இன்று மெய்யீற்று வடிவம் பரவிவிட்டது. சொல்லின் மூலம் ஒன்றே. வந்த காலமும் வழியும் வேறு.

இவ்வாறு இருமுறை வந்த சொற்கள் சமையலில் மிகுதி. ‘ஜீரக’ என்பது முன்பு ‘சீரகம்’ ஆயிற்று. இன்று ‘ஜீரா ரைஸ்’ என்னும் தொடரில் அதே சொல் இந்தி வடிவில் மீண்டும் வந்துள்ளது. சீரகச் சோறும் ஜீரா ரைசும் ஒன்றல்ல என்று உண்பவர் கருதுவதால் இரண்டு சொல்லும் நிலைக்கின்றன. ‘கடாஹ’ என்பது ‘கடாகம்’ எனத் தமிழாகி ‘அண்டகடாகம்’ போன்ற தொடர்களில் தத்துவ நூல்களுக்குள் உயர்ந்து நின்றுவிட்டது. அதன் இந்தி வழித்தோன்றல் ‘கடாய்’ கடைத்தெருவில் விற்பனையாகிறது. சேவை என்னும் பிழிபண்டப் பெயரையும் சேமியா என்னும் கடைப்பண்டப் பெயரையும் இவ்வாறே காண இடமுண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரனின் ‘மானசோல்லாச’ குறிக்கும் ‘சேவிகா’, கன்னட ‘சாவிகெ’, இந்திச் ‘சேவையாம்’ ஆகியன ஒரு குடும்பம். தமிழ் அக்குடும்பத்தோடு இருமுறை உறவு கொண்டிருக்கிறது.

இவ்வரிசையில் மிகவும் கவனத்திற்குரியது ‘தளிகை’. வைணவ இல்லங்களில் சமையலையே தளிகை என்பர். கலத்தைக் குறிக்கும் வடமொழி ‘ஸ்தாலி’யின் வழியில் இதனை விளக்குவது பொருந்தும். அதே ‘ஸ்தாலி’ இந்தியில் தட்டைக் குறிக்கும் சொல்லாகி, இன்று வடநாட்டுச் சாப்பாட்டின் பெயராகத் தமிழ் உணவகப் பலகையில் ‘தாலி’ என எழுதப்படுகிறது. மங்கலநாணும் மதிய உணவும் ஒரே எழுத்தில் நிற்பதைக் கண்டு நகைப்பவர் உளர். தமிழ் எழுத்து வல்லின வேறுபாடு காட்டாமையால் விளைந்த இம்மயக்கம், தொல்காப்பியம் சொன்ன ‘எழுத்தோடு பொருந்துதல்’ இன்னும் முற்றுப்பெறவில்லை என்பதைக் காட்டுகிறது. தளிகை பொருந்திவிட்ட சொல். தாலி வாயிலில் நிற்கும் சொல்.

மைசூருத் தமிழர் அடுக்களை

இராமாநுசர் பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொண்டனூர், மேல்கோட்டைப் பகுதிகளில் தங்கியதோடு தம் வரலாற்றை இணைத்துக்கொள்ளும் மண்டயம், ஹெப்பார் ஐயங்கார்கள் மைசூரு வட்டாரத்தில் பல தலைமுறைகளாகத் தமிழ் பேசிவருபவர்கள். கன்னடம் மிகக் கலந்த தமிழ் என்று இவர்தம் பேச்சு பெரும்பாலும் புறந்தள்ளப்படுகிறது. பிறமொழிச் சொற்பட்டியல்கள் இதனைச் சான்றாகக் கொள்வதேயில்லை. ஆனால் இவர்கள் வீட்டில் வழங்கும் சாத்தமுது, கறியமுது, திருக்கண்ணமுது என்னும் பெயர்களைப் பார்த்தால், கலப்பு எங்குள்ளது என்பதை மீண்டும் எண்ணவேண்டியிருக்கிறது.

சாற்றமுது என்பதே பேச்சில் சாத்தமுது ஆயிற்று. கன்னடர் அதே பண்டத்தைச் ‘சாரு’ என்பர். தமிழ்ச் ‘சாறு’க்கு இனமான சொல். தமிழ்நாட்டுப் பொதுவழக்கோ ‘ரசம்’ என்னும் வடசொல்லை மேற்கொண்டுவிட்டது. சாறு என்றால் தமிழ்நாட்டில் பழச்சாறும் கரும்புச்சாறுமே பெரும்பாலும் நினைவுக்கு வரும். மைசூருத் தமிழர் ‘சாரு’ என்று சொன்னால் அது கன்னடக் கலப்பு என்று குறிக்கப்படும். ‘ரசம்’ என்றால் எவரும் குறிப்பதில்லை. தூய்மையை அளக்கும் கோல் ஆட்சியெல்லையைப் பின்பற்றுகிறதேயன்றிச் சொல்லைப் பின்பற்றவில்லை.

‘அமுது’ என்னும் ஈறு தனித்த வீட்டுவழக்கும் அன்று. நெய்யமுது, தயிரமுது, கறியமுது, அடைக்காயமுது எனக் கோயிற் கல்வெட்டுகள் படையற் பொருள்களை வரிசையாகச் சொல்வதைக் கல்வெட்டுப் பயிற்சியுடையோர் அறிவர். அக்கல்வெட்டுகளின் படிகள் அடுக்கப்பட்டிருந்த அதே நகரத்தில், அச்சொல் உயிரோடு அடுப்பங்கரையில் வழங்கிவந்தது. படிகளுக்காக நீதிமன்றம் வரை சென்ற தமிழ்ச் சமூகம், அப்பேச்சைப் பதிவுசெய்ய அவ்வளவு முனைப்புக் காட்டியதாகத் தெரியவில்லை. கன்னடம் பயிற்றுமொழியாகவும் ஆங்கிலம் வாழ்க்கைமொழியாகவும் ஆகிவிட்ட இளந்தலைமுறையிடம் இச்சொற்கள் அருகி வருகின்றன.

மேல்கோட்டையின் புகழ்பெற்ற புளிச்சோறு இவ்விடத்தில் ஒரு நல்ல சான்று. கன்னடத்தில் புளிக்கு ‘ஹுளி’ என்பதே பெயர். ஆயினும் அவ்வுணவு ‘புளியோகரெ’ என்றே வழங்குகிறது. பகரம் ஹகரமாகத் திரிந்து முடிந்தபின் இப்பெயர் தமிழ் வழக்கிலிருந்து கன்னடத்திற்குச் சென்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஒலிச்சான்று வேண்டியதில்லை. ‘பாக்’ என்பதன் ககர ஈறும் ‘புளியோகரெ’யின் பகர முதலும் ஒரே வகைச் சான்றுகள்: சொல் எவ்வழி வந்தது என்பதை அதன் ஒலியே சொல்லிவிடுகிறது.

இந்தியில் இல்லாத ‘இந்திச் சொற்கள்’

ஜாங்கிரி என்னும் இனிப்பு தமிழரால் வடநாட்டுப் பண்டமாகவே கருதப்படுகிறது. மொகலாய மன்னர் ஜஹாங்கீரின் பெயரோடு அது இணைத்துப் பேசப்படும். மைசூரு இனிப்புக் கடைகளில் அதன் பெயர் ‘ஜஹாங்கீர்’ என்றே உள்ளது. வடநாட்டிலோ அதற்கு ‘இமர்தி’ என்று பெயர். ஜாங்கிரி வேண்டும் என்று வாரணாசியில் கேட்பவர்க்கு அது கிடைப்பது அரிது. ‘கேசரி’யும் அவ்வாறே. இந்தியில் அது குங்குமப்பூ நிறத்தைக் குறிக்கும் அடைமொழி. ரவை இனிப்புக்கு அங்கே ‘சூஜி கா ஹல்வா’ என்று பெயர். ‘சூஜி’யே ரவைக்கு வடநாட்டுப் பெருவழக்கு. ‘ரவா’ என்பதன் வலுவான வழக்கு மராத்தியிலும், ‘ரவெ’ எனக் கன்னடத்திலும் உள்ளது. எனவே ரவா தோசைக்கு வடநாட்டு உறவு தேடுவோர் தக்காணத்தோடு நின்றுவிடலாம்.

கிச்சடி இந்தியில் அரிசியும் பருப்பும் சேர்ந்த குழைசோறு. தமிழ்நாட்டு உணவகத்தில் அது காய்கறி சேர்த்த ரவைப் பண்டம். நாஞ்சில் நாட்டிலோ, கேரளத்திற்போலத் தயிர் சேர்த்த தொடுகறி. மூன்றுக்கும் பொதுவாய் எஞ்சியிருப்பது ‘கலவை’ என்னும் பொருட்கூறு மட்டுமே. பாரசீகத்தில் அரிசியைக் குறிக்கும் ‘பிரிஞ்ச்’ தமிழில் ‘பிரிஞ்சி’ எனும் உணவாயிற்று. அதன் மூலப்பொருள் மறந்துபோனமையால் ‘பிரிஞ்சி சாதம்’ என்றும் சொல்லப்படுகிறது; அப்பண்டத்தில் இடும் மணஇலை ‘பிரிஞ்சி இலை’ ஆயிற்று எனலாம். அவ்விலைக்கு இந்தியில் ‘தேஜ்பத்தா’ என்று பெயர்.

‘ஜீரா’ என்பது மேலும் சிக்கலானது. சீரகத்தைக் குறிக்கும் இந்திச் சொல் ஒருபுறமிருக்க, குலாப்ஜாமூன் ஊறும் சர்க்கரைப் பாகையும் தமிழ்நாட்டார் ‘ஜீரா’ என்கின்றனர். இந்தியில் அப்பாகு ‘சாஸ்னி’. தமிழின் பாகுப் பொருள் கொண்ட ஜீராவுக்குப் பாரசீகச் ‘சீரா’ (சாறு, பாகு) மூலமாகலாம். ஒரே வரிவடிவில் இரு மூலச் சொற்கள் நிற்க, பட்டியல் இரண்டையும் ஒன்றாக்கி ‘ஜீரா – இந்தி – சீரகம்’ என எழுதிவிடுகிறது.

கலப்பெயர்களிலும் நிலைமை இத்தகையதே. தமிழ் ‘வாணலி’யும் கன்னடப் ‘பாணலெ’யும் இனச்சொற்கள், தமிழ் வகரத்திற்குக் கன்னடத்தில் பகரம் வருவது வேர் – பேரு, வில் – பில்லு, வெள்ளி – பெள்ளி என்பனவற்றாலும் அறியப்படும். மைசூரு வீடுகளில் பாணலெ இன்னும் வழக்கில் உள்ளது. ‘கடாய்’ வந்தது பண்டத்தின் வேறுபாட்டால் அன்று. ஒட்டாப் பூச்சுப் பூசிப் பெட்டியில் அடைத்து விற்கும் பாத்திரத் தொழிலின் அச்சிட்ட அட்டையால். இதனை இந்தியின் செல்வாக்கு என்பதைவிட அனைத்திந்தியச் சந்தையின் செல்வாக்கு என்பது சரியாகும். கரண்டி வகைக்குக் கன்னடர் ‘சமச’ என்பதை அன்றாடம் வழங்க, தமிழர் அதனை ஏற்கவேயில்லை. ஆங்கில ‘ஸ்பூன்’ அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. அண்டை மொழிகள் இரண்டும் ஒரே வழியில் கடன்பெறும் என்னும் எண்ணம் தவறு.

மாற்றுச் சொற்களின் சிக்கல்

பிரியாணிக்கு ‘ஊன்சோறு’ என மாற்றுச்சொல் பரிந்துரைக்கப்படுவதுண்டு. ஊனும் சோறும் கலந்த உணவு பழந்தமிழகத்தில் இருந்தமைக்குச் சங்கப்பாடல்கள் சான்று பகர்கின்றன. ஆனால் மூடியிட்டு ஆவியை உள்ளடக்கிப் பதமாக்கும் முறையோடு வந்த பெயர் பிரியாணி. ஊன்சோறு என்பது பொருள்களைச் சொல்கிறது, முறையைச் சொல்லவில்லை. காய்கறிப் பிரியாணிக்கு அப்பெயர் எவ்வாறு பொருந்தும் என்பதையும் பரிந்துரைப்போர் எண்ணியதாகத் தெரியவில்லை. சட்னிக்குத் ‘துவையல்’ என்பது இன்னும் இடர்ப்பாடானது. தமிழ் அடுக்களையில் சட்னியும் துவையலும் இரு வேறு பண்டங்கள். ஒன்றின் பெயரை மற்றொன்றுக்குக் கொடுத்தால் மொழி ஒரு வேறுபாட்டை இழக்கிறது.

புதுப்பொருள் வந்தால் புறச்சொல்லும் வந்தே தீரும் என்பதும் இல்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் வழியாக வந்த மிளகாய்க்குத் தமிழர் மிளகு + காய் எனவும் கன்னடர் ‘மெணசினகாயி’ எனவும் ஒரே முறையில் தம் சொல்லாலேயே பெயரிட்டனர். மெணசு மிளகே. இந்தியும் மிளகைக் குறித்த ‘மிர்ச்’ என்பதனையே மிளகாய்க்கு விரித்தது. இப்பெயரிடல் எந்தக் குழுவும் அமர்ந்து ஆக்கியதன்று. தேவை உள்ள இடத்தில் வழக்கு தானே ஆக்கிக்கொள்கிறது; தேவை வேறாக உள்ள இடத்தில் கடன் பெறுகிறது. மல்லி இலையையும் அதன் விதையையும் வேறுபடுத்தத் தமிழர் இல்லங்கள் பலவற்றில் இலைக்குக் ‘கொத்தமல்லி’யும் விதைக்குத் ‘தனியா’வும் பயன்படுகின்றன. வடபுல மூலமுடைய ‘தனியா’ இந்தியில் இரண்டுக்கும் பொதுப்பெயர். தமிழில் அது வேறுபாட்டுக் கருவி. இதனை நீக்கவேண்டிய சொல்லாகப் பார்ப்பவர், அது செய்யும் பணியைப் பாராதவர்.

இதற்கு எதிர்த்திசையிலும் சான்றுண்டு. தோசை என்பதை இந்தியில் ‘டோசா’ என டகர முதலாகப் பரவலாக எழுதுகின்றனர். தமிழிலோ கன்னடத்திலோ டகரம் இல்லை. ஆங்கில எழுத்துக்கூட்டலைப் படித்து, ஆங்கிலத் தகரத்தை டகரமாக ஒலிக்கும் வடநாட்டு வழக்கப்படி அவ்வடிவம் அமைந்தது. தென்னாட்டார் வாய்வழி சென்றிருந்தால் ‘தோசை’யின் தகரம் மாறியிருக்காது. ‘மைசூர்பாக்’ என்பதும் ‘டோசா’ என்பதும் எதிரெதிர்த் திசையில் சென்ற சொற்களாயினும், அச்சுப்பலகை என்னும் ஒரே வாயிலின் வழியே சென்றவை.

ஆகவே சமையற் சொற்களை அகராதிப்படுத்துவோர் மூலமொழிப் பெயரோடு வந்த வழி, வடிவம், பொருள்மாற்றம், வழங்கும் வட்டாரம் ஆகியவற்றையும் பதிவுசெய்தல் வேண்டும். ‘கோபி’ என்னும் ஒரு சொல்லே இத்தேவையை விளக்கும். இந்தியில் அது கோசு வகைக் காய். கன்னடத்தில் பூக்கோசுக்கு ‘ஹூகோசு’ என்னும் பெயர் இருக்க, மைசூருத் தெருக்கடையில் ‘கோபி’ என்றால் பொரித்துச் சாற்றில் புரட்டிய மஞ்சூரியன் மட்டுமே. செயற்கை நிறமூட்டிய கோபி மஞ்சூரியனுக்கு 2024 மார்ச்சில் கர்நாடக அரசு தடை விதித்தபோது, பூக்கோசுக்கே தடை வந்துவிட்டது என்று மைசூருவில் எவரும் மயங்கவில்லை. இந்தி அகராதியை மட்டும் கையில் வைத்திருப்பவர் மயங்கியிருப்பார்.